891 சிங்கங்கள், ஒரே குடும்பம்

முதல் நாள்: ஜூனாகட்

ராஜ்கோட்டில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து ஜூனாகட் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. டிசம்பர் வெயில் இதமாக இருந்தது. கூட வந்திருப்பவள் என் தங்கை, கால்நடை மருத்துவர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கிறவளுக்கு, ஒரு தடவையாவது காட்டில் சிங்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷ ஆசை.

ஆப்பிரிக்காவை விட்டால், காட்டுச் சிங்கம் மிச்சமிருப்பது உலகத்திலேயே குஜராத்தின் இந்த சௌராஷ்டிரப் பகுதியில் மட்டும்தான். 2015 கணக்கெடுப்பில் 523 இருந்தன. 2020-இல் 674. 2025 மே மாதம் எண்ணியபோது 891. ரயிலில் இந்தக் கணக்கைச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தங்கை ஜன்னலைப் பார்த்தபடியே, "எத்தனை சிங்கம்னு மட்டும் கேக்காதக்கா. எத்தனை விதமான சிங்கம்னு கேளு" என்றாள். அப்போது முழுசாகப் புரியவில்லை. ஆனால் அந்த வார்த்தை மனதில் உட்கார்ந்துவிட்டது.

மத்தியானம் கிர்நார் மலைக்குப் போகும் வழியில் அசோகர் பாறையைப் பார்த்தோம். ஒரு கட்டடத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பாறை முழுக்க பிராமி எழுத்து. இதன் இரண்டாம் சாசனத்தில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். தன் நாட்டிலும் எல்லைக்கு அப்பால் அவர்கள் நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாக அசோகர் சொல்கிறார். "விலங்குக்கும்" என்பதைக் கேட்டதும் தங்கையின் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம். சாரநாத்தில் நான்கு சிங்கங்களைக் கல்லில் செதுக்கிய காலத்தில், வட இந்தியாவின் பெரும்பகுதியில் நிஜச் சிங்கங்கள் உலவிக்கொண்டிருந்தன. மேற்கே ஈரான், ஈராக், சிரியா வரைக்கும் இதே இனம்தான்.

அப்புறம் துப்பாக்கி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியாவில் இங்கே பக்கத்தில் உள்ள கிர் காட்டைத் தவிர எல்லா இடத்திலும் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். ஜூனாகட் நவாபுகள் வேட்டையைத் தடுத்ததால் இங்கே மட்டும் தப்பின. தப்பியவை எத்தனை என்பதில் சண்டை இருக்கிறது. இருபதுதான் என்று அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன. வேட்டைக்காரர்களை ஒதுக்கி வைப்பதற்காக வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள் என்பாரும் உண்டு. 1936-இல் முறையாக எண்ணியபோது 287. எப்படிப் பார்த்தாலும் மிகச் சிறிய கூட்டம். நாளை நாங்கள் பார்க்கப்போகும் சிங்கம் எதுவானாலும் அது அந்தக் கூட்டத்தின் வாரிசு.

சாயங்காலம் சக்கர்பாக் உயிரியல் பூங்கா. 1863-இல் தொடங்கியது. கிர் சிங்கங்களைப் பல காலமாக இங்கே வளர்த்துப் பெருக்குகிறார்கள். கூண்டில் பார்த்ததைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. ஆனால் இந்தப் பூங்காவுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: சாசன்

நேற்று இரவே கிர் காட்டின் ஓரத்தில் உள்ள சாசன் வந்துவிட்டோம். ஜூனாகட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். விடியும் முன்பே திறந்த ஜீப்பில் கிளம்பினோம். டிரைவர், வழிகாட்டி, நாங்கள் இருவர். போர்வையைச் சுற்றிக்கொண்டும் குளிர் விடவில்லை.

கிர் என்றதும் நான் அடர்ந்த காட்டைக் கற்பனை செய்திருந்தேன். இது வறண்ட தேக்குக் காடு. சருகு மூடிய செம்மண், முள்ளுப் புதர், நடுநடுவே மஞ்சள் புல்வெளி. எல்லாமே சிங்கத்தின் நிறத்தில் இருக்கின்றன. இருபது அடி தள்ளி ஒன்று படுத்திருந்தால்கூடத் தெரியாது. வழியில் மால்தாரிகள் என்ற கால்நடை வளர்ப்பவர்களின் குடியிருப்பு ஒன்றைக் கடந்தோம். முள்வேலி போட்ட சின்ன வளாகம், உள்ளே எருமைகள். சிங்கம் அவ்வப்போது எருமையை அடிக்கும். இருந்தும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் இந்தக் காட்டுக்குள் வாழ்கிறார்கள். சிங்கம் பிழைத்ததில் நவாபின் உத்தரவுக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு இவர்களின் பொறுமைக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஏழரை மணி இருக்கும். புள்ளிமான் கூட்டம் ஒரே திசையில் காதை நிமிர்த்தி நின்றது. வழிகாட்டி கையை உயர்த்தினார். ஜீப் நின்றது. வளைவில் ஒரு பெண் சிங்கம் வந்துகொண்டிருந்தது. பின்னால் வளர்ந்த குட்டிகள் இரண்டு. அவசரமே இல்லை. எங்கள் ஜீப்பை ஒரு மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நடந்து போயிற்று. வயிற்றுக்கு அடியில் நீளமாகத் தோல் மடிப்பு தொங்கியது. ஆப்பிரிக்கச் சிங்கங்களிடம் அபூர்வமாகவே காணப்படும் அடையாளம் அது. குட்டிகளில் ஒன்று நின்று எங்களை மோப்பம் பிடித்தது. அதன் கண்ணைப் பார்த்த அந்த ஐந்து விநாடி என் ஆயுளுக்கும் போதும்.

அவை புல்லுக்குள் மறைந்த பிறகு யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை மெதுவாகச் சொன்னாள்: "எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு பாரு. வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது."

தங்குமிடத்துக்குத் திரும்பியதும் கேட்டேன், என்ன தெரியாது என்று. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

நம் ஊரில் கர்ப்பிணிப் பெண்ணிடம் டாக்டர் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "சொந்தத்துல கல்யாணமா?" என்பது. காரணம் நமக்குத் தெரியும். ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் பழுது இருந்தாலும் இன்னொன்று சமாளித்துவிடும். மாமன் மகளும் அத்தை மகனும் கட்டிக்கொண்டால், ஒரே தாத்தாவிடமிருந்து வந்த அதே பழுது இரண்டு பக்கமும் வந்து பிள்ளைக்குச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. நமக்காவது ஊரெல்லாம் அந்நியர் இருக்கிறார்கள், வேண்டுமானால் வெளியில் சம்பந்தம் பேசலாம். கிர் சிங்கத்துக்கு அந்நியமே கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் மாமன் மகள்தான்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இனப்பெருக்கம் செய்கிற விலங்குகள் பத்தே பத்து என்றால், மிச்சமிருக்கும் மரபணு வேற்றுமையில் சுமார் 5 சதவீதம் ஒரே தலைமுறையில் போய்விடும். நூறு இருந்தால் அரை சதவீதம்தான் போகும். ஆக, ஒரு இனம் சின்னக் கூட்டமாகக் கிடந்த வருஷங்கள்தான் ஆபத்தான வருஷங்கள். அப்புறம் ஆயிரமாகப் பெருகினாலும், போனது போனதுதான். புதிய வேற்றுமை உண்டாவதற்கு மரபணுவில் தற்செயலான மாற்றங்கள் நேர வேண்டும், அவை கூட்டம் முழுக்கப் பரவ வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான தலைமுறைகள் ஆகும். சிங்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு கூட்டத்தின் குட்டிகளுக்கெல்லாம் தகப்பன் சில ஆண் சிங்கங்கள்தான். தலை எண்ணினால் நூறு இருக்கும், அடுத்த தலைமுறைக்குத் தன் மரபணுவைக் கொடுப்பவை அதில் மிகக் குறைவு.

வாழையடி வாழையாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். தங்கை சொல்லித்தான் யோசித்தேன்: தாய் வாழையின் பக்கக் கன்று தாயின் அச்சு அசல் நகல். அதனால்தான் வாடல் நோய் ஒரு மரத்தில் புகுந்தால் தோப்பே சாய்கிறது. தாங்கி நிற்க மாறுபட்ட மரம் ஒன்றுகூட அங்கே இல்லை.

இப்போது சக்கர்பாக் விஷயம். 1980-களில் ஸ்டீபன் ஓ'பிரையன், டேவிட் வைல்ட் முதலான அமெரிக்க விஞ்ஞானிகள் அங்குள்ள கிர் சிங்கங்களின் ரத்தத்தை எடுத்துப் பல புரதங்களைச் சோதித்தார்கள். ஒரு சிங்கத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தென்படவில்லை. விந்தணுக்களையும் பார்த்தார்கள். தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளிச் சிங்கங்களில் உருச் சிதைந்த விந்தணுக்கள் நான்கில் ஒரு பங்கு. பக்கத்திலேயே இங்கொரோங்கோரோ என்ற எரிமலைப் பள்ளம் இருக்கிறது. 1962-இல் கடிக்கும் ஈக்கள் பெருகி அந்தப் பள்ளத்துச் சிங்கங்கள் பெரும்பாலும் செத்துப்போயின. தப்பிய சிலவற்றின் வாரிசுகளில் சிதைவு பாதி. கிர் சிங்கங்களில்? மூன்றில் இரண்டு பங்கு. 1987-இல் இந்த முடிவுகள் வெளியாயின. பிற்பாடு ஹைதராபாத் ஆய்வகத்தில் வேறு முறையில் பார்த்தவர்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றார்கள். ஆனால் 2020-இல் முழு மரபுத் தொகுதியையே, அதாவது எல்லா மரபணுக்களையும் சேர்த்துப் படித்த ஒரு ஆய்வு வந்தது. இந்தியச் சிங்கங்களிடம் மரபணு வேற்றுமை ஏறக்குறைய இல்லை என்று அது மறுபடி உறுதி செய்தது.

"அப்படின்னா எப்படி 891 ஆச்சு?" என்று கேட்டேன். நல்ல காப்பு, நிறைய இரை, தொல்லை தராத ஜனங்கள். வசதி இருக்கும் வரைக்கும் குறை வெளியே தெரியாது என்றாள். புதிதாக ஒரு கஷ்டம் வரும்போதுதான் தெரியுமாம்.

மத்தியானச் சவாரியில் சிங்கம் கிடைக்கவில்லை. கமலேஷ்வர் அணைக் கரையில் முதலைகள் வெயில் காய்ந்தன. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்: தாரி பக்கம்

இன்றைக்குச் சவாரி வேண்டாம், காட்டின் கிழக்கு ஓரத்தைப் பார்க்கலாம் என்று தங்கை சொன்னதால் வாடகைக் கார் எடுத்து தாரி பக்கம் போனோம். வழியெல்லாம் வயல்கள், மாந்தோப்புகள், ஊர்கள். இதுவும் சிங்கத்தின் நாடுதான். 2025 கணக்குப்படி பாதிக்கும் மேற்பட்ட சிங்கங்கள் காப்பகத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. பருத்தி வயலில் படுக்கும், இரவில் ஊர்த் தெருவில் நடக்கும், பிபாவாவ் துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளத்தில் அடிபடும். கைப்பிடிச் சுவர் இல்லாத வயல் கிணறுகளில் விழுந்தும் செத்திருக்கின்றன.

ஒரு ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். கடை வாசலில் ஏழெட்டு நாய்கள். தங்கை டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது, கண்ணில் பீளை. "இதுதாங்க்கா எனக்குப் பயம்" என்றாள்.

2018 செப்டம்பரில் இந்தக் கிழக்குப் பகுதியில், தல்கானியா சரகத்தில், சிங்கங்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தன. மூன்றே வாரத்தில் 23. முதலில் சண்டையில் செத்தவை என்று பேச்சு வந்தது. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் சோதித்ததில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் தெரிந்தது. கூடவே உண்ணி மூலம் வரும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணி. சுற்றியிருந்த சிங்கங்களைப் பிடித்துத் தனியே வைத்து, அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்துப் போட்டார்கள். நோய் அப்போது பெரிதாகப் பரவாமல் நின்றது. நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமூச்சு வருகிறது.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மரபணு வேற்றுமை குறைந்ததால்தான் அந்த 23-ம் செத்தன என்று யாரும் நிரூபிக்கவில்லை. 1994-இல் இதே வைரஸ், இதே பபேசியாவோடு கூட்டுச் சேர்ந்து, வேற்றுமை நிறைந்த செரெங்கெட்டிச் சிங்கங்களையும் தாக்கியது. அங்கே மூன்றில் ஒரு பங்கு, சுமார் ஆயிரம் சிங்கங்கள் மாண்டன. வேற்றுமை இருந்தால் யாருமே சாக மாட்டார்கள் என்பதல்ல விஷயம். எல்லாரும் ஒரேயடியாகச் சாக மாட்டார்கள் என்பதுதான்.

இதன் காரணத்தைத் தங்கை சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. உடம்புக்குள் நுழையும் கிருமியை அடையாளம் கண்டுபிடிப்பதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. பல விலங்குகளில் இவைதான் ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுபடும். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு பூட்டு இருக்கிற மாதிரி. திருடன் ஒரு சாவியைச் செய்தால் ஒரு வீடு போகும், இரண்டு வீடு போகும். ஊர் முழுக்க ஒரே கம்பெனி, ஒரே நம்பர் பூட்டு என்றால் ஒரு சாவி போதும்.

இதற்குச் சாட்சி சீட்டா, அதாவது சிவிங்கிப்புலி. சிறுத்தைப்புலி வேறு. பத்துப் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன் அந்த இனம் கிட்டத்தட்ட அழிந்து, மிகச் சிலவற்றிலிருந்து மீண்டதாகக் கருதுகிறார்கள். 1980-களில் உறவே இல்லாத சிவிங்கிப்புலிகளுக்கு இடையே தோலை மாற்றி ஒட்டினார்கள். சாதாரணமாக உடம்பு அந்நியத் தோலை ஏற்காது, சில நாளில் உதிர்த்துவிடும். இவற்றின் உடம்போ ஏற்றுக்கொண்டது. அந்நியம் என்றே அதற்குத் தெரியவில்லை. அதே சமயத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு விலங்குப் பூங்காவில் பூனைகளுக்கு வரும் கொரோனா வகை வைரஸ் நுழைந்தது. வீட்டுப் பூனைகளில் சிலவற்றை மட்டுமே கொல்லும் கிருமி அது. அங்கிருந்த சிவிங்கிப்புலிகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின.

திரும்பும் வழியில் தங்கை அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் பூமா என்ற பெரிய பூனை இனத்தின் கதையைச் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் மனசு கொஞ்சம் லேசானது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே இருபது முப்பது பூமாக்கள்தான் மிச்சம். வால் நுனி கோணல், இதயத்தில் ஓட்டை, ஆண் குட்டிகளுக்கு விதை இறங்காத குறை. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வெளியிலிருந்து சம்பந்தம். பிறந்த குட்டிகள் பெரும்பாலும் கோணல் வால் இல்லாமல், திடமாகப் பிறந்தன. இப்போது அங்கே 120 முதல் 230 வரை இருக்கலாம் என்கிறார்கள்.

"அப்ப இங்கயும் அப்படிச் செய்யலாமே?"

"எங்கிருந்துக்கா கொண்டு வர்றது? இந்த வம்சத்துல வேற வீடே இல்லையே."

ஆப்பிரிக்கச் சிங்கத்தைக் கலக்கலாமா என்றால், அது பெரிய விவாதம். இந்திய உயிரியல் பூங்காக்களில் முன்பு கலந்து பிறந்த சிங்கங்களை மேற்கொண்டு பெருக்காமல் நிறுத்திவிட்டார்கள். கிர் சிங்கத்தின் தனித்தன்மை போய்விடும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. காரில் அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

நான்காம் நாள்: மறுபடி சாசன்

புதிய வேற்றுமையைக் கொண்டுவர வழி இல்லை என்றால், இருக்கிற கொஞ்சத்தையாவது ஒரே பெட்டியில் வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும். இது தங்கையின் கட்சி. நேற்று ராத்திரி முழுக்க யோசித்ததில் என் கட்சியும் அதுதான்.

மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டை இதற்காகவே தயார் செய்தார்கள். சிங்கம் வரப்போகிறது என்று சொல்லி 24 கிராமங்களை அங்கிருந்து இடம் மாற்றினார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் சிங்கங்களை அங்கே கொண்டுபோகும் வேலையைத் தொடங்குங்கள் என்று தீர்ப்பளித்தது. இன்று வரை ஒரு சிங்கம்கூடப் போகவில்லை. 2022-இல் நமீபியாவிலிருந்து வந்த சிவிங்கிப்புலிகள்தான் குனோவுக்குப் போயின. குஜராத் மக்களுக்குச் சிங்கம் எவ்வளவு பெருமை என்பதை இந்த நான்கு நாளில் கண்ணால் பார்த்தேன். சுவரில் சிங்கம், லாரியில் சிங்கம், குழந்தை சட்டையில் சிங்கம். அவ்வளவு பிரியம் இருக்கிறவர்கள் மகளை வெளியூரில் கட்டிக்கொடுக்கத் தயங்குவது போலத் தயங்குகிறார்கள். ஆனாலும் அனுப்பத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுப்பும்போதும் கையில் கிடைத்த ஒரு கூட்டத்தை மட்டும் பிடித்து அனுப்பினால் போதாது. வேறு வேறு கூட்டங்களிலிருந்து, உறவு தள்ளியவையாகப் பொறுக்க வேண்டும். அவ்வப்போது சிலவற்றை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். இல்லாவிட்டால் புது வீடும் இன்னொரு சின்னக் கூட்டமாகி, மிச்சத்தையும் தொலைக்கும்.

சிங்கங்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. 2023 ஜனவரியில் ஒரு ஆண் சிங்கம் தானாகவே நடந்து போர்பந்தர் பக்கத்துப் பர்டா சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1879-க்குப் பிறகு அங்கே சிங்கமே இல்லை. வனத்துறை பின்னால் பெண் சிங்கங்களையும் கொண்டுபோய் விட்டது. 2025-இல் அங்கே 17. பர்டா கிர்ரிலிருந்து வெகு தூரமில்லை. ஒரு புயலோ கொள்ளைநோயோ இரண்டையும் தொட்டுவிடக்கூடிய தூரம்தான். இருந்தாலும் இரண்டாவது வீடு.

இன்று காலை கடைசிச் சவாரி. காப்பக எல்லைக்கு அருகே ஒரு மண் பாதையில் இரண்டு இளம் ஆண் சிங்கங்கள். பிடரி இப்போதுதான் முளைத்திருந்தது. காது இன்னும் மறையவில்லை. அண்ணன் தம்பியாக இருக்கும் என்றார் வழிகாட்டி. இந்த வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேற்றப்படும். வேறு இடம் தேடி நடக்கும். எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். "இடம் கிடைக்கிற வரைக்கும்" என்றார் ஹிந்தியில்.

இரண்டும் பாதையைக் கடந்து எல்லைக் கல்லைத் தாண்டி, காட்டுக்கு வெளியே, கோதுமை வயல்கள் இருக்கும் பக்கம் இறங்கின. முன்னால் போனது ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தது. தங்கை கேமராவை மடியில் வைத்துவிட்டு அவை மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். வயல் ஓரத்தில் மோட்டார் போட வந்த ஒரு விவசாயி அவற்றைக் கண்டு, ஓடாமல், கையிலிருந்த தடியைத் தரையில் ஊன்றி நின்று வழி விட்டார்.